பனிப்பலகைச் சறுக்கு உபகரணங்கள்

பனிப்பலகைச் சறுக்கு அல்லது ஸ்னோபோர்டிங் என்பது, இரு கால்களையும் ஒரே பலகையில் குறுக்குவாட்டில் பிணைத்துக்கொண்டு பனிச்சரிவில் இறங்கும் குளிர்கால விளையாட்டு ஆகும். பலகை, பிணைப்பிகள், காலணி ஆகிய மூன்றும் இதன் அடிப்படை உபகரணங்கள். தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, கண்காப்பு, நீர்புகா உடை ஆகியன துணை உபகரணங்கள் எனப்படுகின்றன. எனினும் புதிதாகக் கற்பவருக்கு இவற்றுள் முதலிரண்டும் பலகையின் தரத்தைவிட முக்கியமானவை.

வரலாறு

1965 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செர்மன் பாப்பன் என்பவர், தம் மகள்களுக்காக இரண்டு சறுக்குக்கட்டைகளை ஒன்றாக இணைத்துச் செய்த "ஸ்னர்ஃபர்" இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதில் காலைப் பிணைக்கும் அமைப்பு இல்லை. முனையில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடியே சறுக்கினர். 1977 இல் ஜேக் பர்ட்டன் வெர்மான்ட் மாநிலத்தில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். பிணைப்பிகளும் எஃகு விளிம்பும் வந்த பின்னரே கடினமான பனியில் பலகையைக் கட்டுப்படுத்துவது எளிதாயிற்று. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

காலணி

தொடக்கநிலையினர் முதலில் வாங்கத்தக்கது காலணியே. பலகையையும் பிணைப்பிகளையும் வாடகைக்கு எடுக்கலாம். பலர் அணிந்து தளர்ந்த வாடகைக் காலணியோ குதிகாலைப் பிடித்து நிறுத்தாது. குதிகால் உள்ளே எழும்பினால், உடல் கொடுக்கும் அழுத்தம் பலகையின் விளிம்பைச் சென்றடைவதில்லை. கற்பவர் இதைத் தம் திறமைக் குறைவாக எண்ணிச் சோர்ந்துபோவதும் உண்டு.

சுவரில் குதிகாலை ஒட்டி நின்று பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அவ்வளவையே கடையில் கேட்க வேண்டும். நடைக்காலணியின் எண்ணை நம்பலாகாது. நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனிகள் முன்புறத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கும்போது அவை சற்றே பின்வாங்க வேண்டும். உள்ளுறை சில நாட்களில் அமுங்கி இடம் விடும் என்பதால், கடையில் மிக வசதியாக இருப்பது பின்னர் தளர்ந்துவிடும். காலுறை ஒன்றே போதும். இரண்டு அணிந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மேலும் குளிரும். வளைவுத்தன்மை மென்மையானதாக இருத்தல் நன்று. கயிறு, விரைவிழுப்பு, திருகிச் சுற்றும் கம்பிவடம் ஆகிய கட்டும் முறைகளுள் எதுவும் தகும்.

பலகை

மரத்தாலான உள்ளகம், அதன் இருபுறமும் கண்ணாடியிழை, அடியில் பாலியெத்திலீன் தளம், சுற்றிலும் எஃகு விளிம்பு என்பது பலகையின் பொதுவான அமைப்பு. நிறுத்திவைத்தால் நாடிக்கும் மூக்கிற்கும் இடையே வர வேண்டும் என்ற வழக்கு தோராயமானதே. பலகை தாங்குவது உயரத்தை அன்று, எடையை. ஆகவே தயாரிப்பாளரின் எடை அட்டவணையைப் பார்த்து, அதன் கீழ்ப்பகுதியில் உள்ள நீளத்தைத் தெரிவது தொடக்கத்தில் பொருந்தும்.

அகலம் பெரிதும் கவனிக்கப்படாத அளவாகும். காலணியின் முனை பலகைக்கு வெளியே அதிகம் நீண்டால், திரும்பும்போது பனியில் உராய்ந்து ஆளை வீழ்த்தும். பாதம் ஏறத்தாழ 29 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருப்போர் அகலப் பலகையைத் தேட வேண்டும்.

முனைகள் மேல்நோக்கி வளைந்த பலகைகளில் விளிம்பு எளிதில் சிக்காது. எனவே தொடக்கநிலையினருக்கு இவை பரிந்துரைக்கப்படுகின்றன. ஆனால் இவை ஒன்ராறியோ, கியூபெக் போன்ற கிழக்குக் கனடியப் பகுதிகளின் இறுகிய, பனிக்கட்டி கலந்த சரிவுகளில் வழுக்கும். அங்கு நடுப்பகுதி தட்டையாகவோ சற்று உயர்ந்தோ உள்ள பலகையும், கூர்தீட்டிய விளிம்பும் உதவும்.

பிணைப்பிகள்

இவை காலணியின் அளவிற்கும் பலகையின் திருகுத்துளை அமைப்பிற்கும் பொருந்த வேண்டும். 4×4 செ.மீ., 4×2 செ.மீ. ஆகிய துளை அமைப்புகளும், நீண்ட பள்ளம் கொண்ட அமைப்பும் வழக்கில் உள்ளன. பட்டைகளற்றுக் காலை வைத்ததும் பூட்டிக்கொள்ளும் வகையை பர்ட்டன் நிறுவனம் 2017 இல் வெளியிட்டது. அதற்கெனச் செய்த காலணியுடன் மட்டுமே அது இயங்கும். முன்னே வைப்பது இடக்காலா வலக்காலா என்பதை முன்னரே அறிதல் வேண்டும். வழுக்கும் தரையில் காலுறையுடன் ஓடிச் சறுக்கினால், இயல்பாக முன்வரும் கால் எதுவெனத் தெரியும். முன்கால் +15, பின்கால் −9 பாகை அளவில் தொடங்குவது வழக்கம்.

காப்பு உபகரணங்கள்

இரு கால்களும் பிணைக்கப்பட்டிருப்பதால், விழுபவர் தன்னிச்சையாகக் கையை ஊன்றுகிறார். எனவே மணிக்கட்டு முறிவு தொடக்கநிலையினரிடையே மிகப் பரவலான காயங்களுள் ஒன்று. மணிக்கட்டுக் காப்பு மலிவானது. ஆனால் பலர் வாங்குவதில்லை. தலைக்கவசத்தில் ஈஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 தர முத்திரை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பழைய தலைக்கவசத்தை வாங்குதல் கூடாது. முன்னர் பட்ட அடி வெளியே தெரியாமல் இருக்கலாம்.

உடையில் பருத்தியைத் தவிர்க்க வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சி உடலைக் குளிர்விக்கும். முதல் நாட்களின் பெரும்பொழுது பனியில் அமர்ந்தே கழியும் என்பதால், மேலங்கியைவிட நீர்புகாக் காற்சட்டையே முதலில் தேவை.

பயன்படுத்திய பலகைகள்

சறுக்குப் பருவம் முடியும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் புதியவையும் பழையவையும் விலை குறைகின்றன. பழைய பலகையில் எஃகு விளிம்பு வெடித்திருத்தல், அடுக்குகள் பிரிந்திருத்தல், அடித்தளக் கீறல் உள்ளக மரம் வரை சென்றிருத்தல் ஆகியன இருந்தால் விட்டுவிட வேண்டும். மேலோட்டமான கீறல்களைச் செப்பனிடலாம். பிணைப்பிகளின் நெகிழி காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைவதால், மிகப் பழையனவற்றை மாற்றுவதே பாதுகாப்பானது. வளரும் சிறுவர்களுக்கு வாங்குவதைவிடப் பருவ வாடகைக்கு எடுப்பது சிக்கனமானது.