பழவேற்காட்டு டச்சுக் கல்லறைச் செதுக்குருவங்கள்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைச் செதுக்குருவங்கள் என்பவை, திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கல்லறைகளிலும் நுழைவாயிலிலும் வெட்டப்பட்டுள்ள 17-ஆம் நூற்றாண்டு முதலான உருவங்களும் எழுத்துகளும் ஆகும். இந்தியத் தொல்லியல் துறை இவ்விடத்தைப் பாதுகாக்கிறது.

வாயிலின் இருபுறமும் மனித எலும்புக்கூடுகள் நிற்கின்றன. இவை இன்னார் என்று சுட்டும் உருவப்படங்கள் அல்ல. சாவை நினைவூட்டும் ஐரோப்பிய மரபைச் சேர்ந்தவை. உள்ளே கிடக்கும் பலகைக் கற்களிலும் முகங்களைத் தேட வேண்டியதில்லை. குலச்சின்னம், பெயர், பதவி, இறந்த நாள் ஆகியவையே அங்கு ஆளை அடையாளம் காட்டுகின்றன. மாறாக, 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் சோழமண்டலக் கரை பற்றி நூல் வெளியிட்ட டச்சுப் பாதிரியார் பிலிப்பஸ் பல்டேயஸுக்குச் செப்புத்தகட்டு உருவப்படம் உண்டு. காகிதம் முகத்தைக் காட்டியது, கல் தகுதியைக் காட்டியது எனலாம்.

1613-இல் டச்சுக்காரர் இங்கே எழுப்பிய கெல்டிரியா கோட்டையும் துணி வணிகமும் இக்கற்களின் பின்னணி. பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து அடிமைகளும் பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டனர். அவர்களுக்கோ, துணி நெய்தவர்களுக்கோ, பழவேற்காடு ஏரியில் வலை வீசியவர்களுக்கோ இங்கே கல் இல்லை. 1690-இல் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது.