சங்கிலித் தளர்வும் ஸ்விங் ஆர்மும்

1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற உருளைச் சங்கிலி, மோட்டார் சைக்கிள்களில் பயன்பாட்டுக்கு வந்த தொடக்கக் காலத்தில், பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்ததால், பற்சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு ஓட்டத்தில் மாறவில்லை. தேய்ந்து நீண்ட சங்கிலியை அவ்வப்போது இழுத்து வைப்பதே போதுமானதாக இருந்தது. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1949ஆம் ஆண்டின் புல்லட்டில், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கவையான ஸ்விங் ஆர்மைப் பொருத்தியபோது, அவ்வண்டியில் இந்நிலை மாறியது. அக்கவையின் சுழல் அச்சு கியர்பெட்டிப் பற்சக்கரத்திற்குப் பின்னால் அமைவதால், அவ்விரண்டின் மையங்களும் பின் அச்சும் ஒரே நேர்கோட்டில் வரும்போது சங்கிலி மிக இறுகியும், பிற நிலைகளில் தளர்ந்தும் இருக்கும். ஆகவே, நீளமான ஷாக் அப்சார்பரை மாட்டினாலோ அதன் சுருள்வில்லை இறுக்கினாலோ, வண்டி நிற்கும் உயரம் மாறி, முன்பு வைத்த தளர்வின் அளவு பொருந்தாமல் போகும். மிக இறுகும் நிலையிலும் சிறிது தளர்வு எஞ்சாவிடில், சங்கிலியோடு கியர்பெட்டியின் பேரிங்குகளும் பழுதாகும். 1950களில் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய புல்லட்டிலோ, பின் அச்சின் இருபுறமும் நத்தை ஓடுபோல் சுருண்டு விளிம்பில் பள்ளங்கள் வெட்டப்பட்ட தகடுகள் இருந்தமையால், இரண்டையும் ஒரே வரிசைப் பள்ளத்தில் நிறுத்தி, சக்கரம் கோணாமல் சங்கிலியைச் சரிசெய்ய முடிந்தது.