கடன் அட்டையின் கதை: ஒரு பில்லில் இரண்டு எண்கள்

கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை ஒன்று புதிதாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதத்திலேயே வீட்டுக்குத் தேவையான சில பொருள்களை வாங்கிவிட்டீர்கள். மாத முடிவில் பில் வருகிறது. அதில் இரண்டு எண்கள் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒன்று, செலுத்த வேண்டிய மொத்தத் தொகை: ரூ. 50,000. மற்றொன்று, செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை: ரூ. 2,500. கெடு தேதிக்குள் இந்தச் சிறிய தொகையைக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை; அட்டையும் தொடர்ந்து செல்லும்.

எவ்வளவு தாராளமான ஏற்பாடு என்று தோன்றுகிறது அல்லவா? ஆனால் அந்த இரண்டாவது எண் கடன் அட்டையோடு கூடப் பிறந்ததன்று. பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அது எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்துகொண்டால், அடுத்த பில்லை நீங்கள் வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

கடன் இல்லாத கடன் அட்டை

'கடன் அட்டை' என்னும் சொல், அட்டை பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. எட்வர்டு பெல்லமி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1888-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லுக்கிங் பேக்வர்ட்' என்னும் நாவலில் அச்சொல் வருகிறது. கி.பி. 2000-இல் உலகம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்த கதை அது. வேடிக்கை என்னவென்றால், அக்கதையில் வரும் அட்டையில் கடனே கிடையாது. நாட்டின் உற்பத்தியில் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய ஆண்டுப் பங்கு அந்த அட்டையில் குறிக்கப்பட்டிருக்கும்; அதற்குள் அவர் செலவு செய்துகொள்வார்.

உண்மை உலகில் முதலில் புகழ்பெற்றது 1950-இல் நியூயார்க் நகரில் தோன்றிய 'டைனர்ஸ் கிளப்' அட்டை. பிராங்க் மெக்னமாரா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய நிறுவனம் அது. உணவு விடுதியில் சாப்பிட்டுவிட்டு அட்டையைக் காட்டிக் கையெழுத்திட்டால் போதும். நிறுவனம் விடுதிக்குப் பணம் கொடுத்துவிட்டு, மாத முடிவில் உறுப்பினரிடம் வாங்கிக்கொள்ளும். உறுப்பினர் முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும். நிறுவனத்தின் வருமானம் விடுதிக்காரர்கள் கொடுத்த கழிவிலிருந்தும் உறுப்பினர் சந்தாவிலிருந்தும் வந்தது. ஆகவே அந்தப் பில்லில் ஒரே ஓர் எண்தான் இருந்தது.

பிரெஸ்னோ நகரின் அறுபதாயிரம் அட்டைகள்

இரண்டாவது எண்ணின் கதை அமெரிக்காவின் மேற்குக் கோடியில், கலிபோர்னியா மாநிலத்தில் நடைபெறுகிறது. 1958-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், அங்குள்ள பிரெஸ்னோ நகரத்து மக்களுக்குப் பாங்க் ஆப் அமெரிக்கா என்னும் வங்கி 60,000 கடன் அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. யாரும் விண்ணப்பம் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. காலையில் தபால் பெட்டியைத் திறந்தவர்கள் கையில் முந்நூறு, ஐந்நூறு டாலர் வரையில் கடன் பெறும் உரிமை வந்து விழுந்தது.

வங்கி ஏன் இப்படிச் செய்தது? அன்றைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி வாங்கவும், வீட்டைப் பழுது பார்க்கவும் சாதாரண மக்கள் வங்கியில் சிறு சிறு கடன்கள் வாங்கினார்கள். ஒவ்வொரு கடனுக்கும் தனி விண்ணப்பம், தனி விசாரணை, தனிக் கோப்பு. சின்னக் கடனுக்கு இவ்வளவு வேலை கட்டுபடியாகவில்லை. ஒரே முறை விசாரித்து ஓர் அளவு வரையில் கடன் வரம்பு கொடுத்துவிட்டால், வாடிக்கையாளர் தாமே வேண்டியபோது எடுத்துக்கொள்வார், திருப்பிக் கட்டுவார், மறுபடி எடுப்பார். இதைத்தான் 'சுழல் கடன்' என்கிறோம். பெரிய அங்காடிகள் ஏற்கெனவே இம்முறையைக் கையாண்டு வந்தன. ஓர் அங்காடிக்குள் மட்டும் செல்லும் சுழல் கடனையும், பல கடைகளில் செல்லும் அட்டையையும் ஒன்றாகப் பிணைத்ததே இந்த வங்கியின் புதுமை.

சுழல் கடனில் மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட வேண்டியதில்லை. ஒரு பகுதியைக் கட்டிவிட்டு, மிச்சத்துக்கு மாதம் ஒன்றரை சதவீதம், அதாவது ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி கொடுக்கலாம். அப்படியானால் எவ்வளவு கட்டினால் போதும் என்று ஒரு கோடு கிழிக்க வேண்டும் அல்லவா? அந்தக் கோடுதான் உங்கள் பில்லில் இருக்கும் இரண்டாவது எண்.

இந்த முயற்சி முதலில் படுதோல்வி கண்டது. நூற்றுக்கு நான்கு கணக்குகளில் பணம் தாமதப்படலாம் என்று வங்கி எதிர்பார்த்தது. தாமதமானதோ நூற்றுக்கு 22. தபால் பெட்டியிலிருந்து திருடப்பட்ட அட்டைகள் வேறு. மாநிலம் முழுவதும் பரவிய இத்திட்டத்தில் வங்கி கணக்குக் காட்டிய நட்டமே ஏறத்தாழ 88 லட்சம் டாலர். திட்டத்தை வகுத்த ஜோசப் வில்லியம்ஸ் 1959 முடிவில் வேலையை விட்டு விலகினார். ஆயினும் வங்கி அட்டையைக் கைவிடவில்லை. தவறுகளைத் திருத்திக்கொண்டு தொடர்ந்து நடத்தியது. 1961-இல் லாபமும் கண்டது. 1976-இல் 'விசா' என்று பெயர் மாறி, இன்று உலகெங்கும் காணப்படுவது இந்த அட்டையின் வழித்தோன்றலே.

சட்டம் வந்தது, வட்டியும் ஏறியது

கேட்காதவர்களுக்கு அட்டை அனுப்பும் வழக்கத்தை அமெரிக்கா 1970-இல் சட்டத்தால் தடுத்தது. அதற்கு முன்பே, 1968-இல், கடனுக்கு உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டமும் வந்துவிட்டது. ஆனால் 1978-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு நிலைமையை மாற்றியது. ஒரு வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்தின் வட்டி வரம்பையே வெளி மாநில வாடிக்கையாளர்களிடமும் பின்பற்றலாம் என்றது அத்தீர்ப்பு. உடனே வங்கிகள் வரம்பு இல்லாத மாநிலத்தைத் தேடின. நியூயார்க்கின் சிட்டி வங்கி தன் அட்டைத் தொழிலை 1981-இல் தெற்கு டகோட்டா மாநிலத்துக்குக் கொண்டுசென்றது.

இதையடுத்து இன்னொரு மாறுதல் சந்தடியில்லாமல் நடந்தது. ஐந்து சதவீதமாக இருந்த குறைந்தபட்சத் தொகையைப் பல அமெரிக்க வங்கிகள் இரண்டு சதவீதம் வரையில் குறைத்தன. மாதம் கட்டும் சுமை இறங்கியது, மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் கடன் நீடிக்கும் ஆண்டுகள் ஏறின, வட்டியும் பெருகியது. சிறிய எண் மேலும் சிறியதாகியது வாடிக்கையாளரின் நன்மைக்காக மட்டும் அன்று என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

ஒரு சிறு கணக்கு

நம் ஐம்பதாயிரம் ரூபாய் பில்லுக்கே வருவோம். இந்தியாவில் மாத வட்டி மூன்றரை சதவீதம் என்பது அரிதான ஒன்றன்று. ஆண்டுக்கு அது 42 சதவீதம். குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம் எனக் கொள்வோம். இனி அட்டையில் எதுவும் வாங்குவதில்லை என்றும் வைத்துக்கொள்வோம். வரியையும் பிற கட்டணங்களையும் சேர்க்காத எளிய கணக்கு இது.

முதல் மாதம் ரூ. 2,500 கட்டுகிறீர்கள். மிச்சம் 47,500. அதற்கு ஒரு மாத வட்டி ரூ. 1,662.50. அடுத்த பில் ரூ. 49,162.50. கட்டியது இரண்டாயிரத்து ஐந்நூறு. கடன் குறைந்தது எண்ணூற்று முப்பத்தேழரை ரூபாய்தான்! மீதி வட்டிக்குச் சரியாகிவிட்டது.

கடன் குறையக் குறைய, அதில் ஐந்து சதவீதமான குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே போகும். ஆகவே கடன் தேயும் வேகமும் தேய்கிறது. ஓராண்டில் பன்னிரண்டு தவணைகளாக ஏறக்குறைய ரூ. 27,400 கட்டியிருப்பீர்கள், கடனோ சுமார் ரூ. 40,800 மிச்சமிருக்கும். கடன் பாதியாக 41 மாதங்கள், அதாவது மூன்றரை ஆண்டுக்கு ஒரு மாதம் குறைவு ஆகும். அதற்குள் நீங்கள் கட்டியது சுமார் ரூ. 74,600. வாங்கிய கடனைப்போல் ஒன்றரை மடங்கு கட்டிய பிறகும் பாதிக் கடன் அப்படியே நிற்கிறது!

இப்போது வேறொரு வழியைப் பாருங்கள். பில்லில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி, மாதந்தோறும் ரூ. 5,000 என்று நீங்களே ஒரு தொகையை உறுதி செய்துகொண்டு கட்டுகிறீர்கள். பன்னிரண்டாவது தவணையோடு கடன் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. கட்டிய மொத்தம் சுமார் ரூ. 60,000, வட்டி பத்தாயிரத்துக்குள் அடங்கிவிட்டது.

எண் மனத்தை இழுக்கும்

கணக்குத் தெரிந்தவர்களும் ஏன் சிறிய எண்ணையே கட்டுகிறார்கள்? உளவியல் இதற்கு ஒரு விடை தருகிறது. ஓர் எண்ணைக் கண்ணில் காட்டிவிட்டால், நம் மதிப்பீடு அதன் பக்கமாகவே சாய்கிறது. நங்கூரம் கப்பலை நிறுத்துவதுபோல அந்த எண் மனத்தை நிறுத்திவிடுகிறது. பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் ஸ்டூவர்ட் 2009-இல் இதைச் சோதித்து வெளியிட்டார். ஒரே கற்பனைப் பில்லைச் சிலருக்குக் குறைந்தபட்சத் தொகையோடும், சிலருக்கு அது இல்லாமலும் காட்டினார். பில்லில் ஒரு பகுதியை மட்டும் கட்டுவதாகச் சொன்னவர்களுள், அந்தச் சிறிய எண்ணைக் காணாதவர்களே கூடுதலாகக் கட்ட முன்வந்தார்கள்.

அதே 2009-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை காலமாகும், 36 மாதங்களில் தீர்க்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பனவற்றைப் பில்லிலேயே அச்சிட வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. சிறிய எண்ணுக்கு எதிராக நிறுத்தப்பட்ட இன்னோர் எண் எனலாம்.

நம் நாட்டில்

இந்தியாவில் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா 1980-இல் கடன் அட்டையை அறிமுகப்படுத்தியது. ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகள் நாம் மேலே கண்ட வரலாற்றின் பாடங்களையே எதிரொலித்தன. கேட்காதவருக்கு அட்டை வழங்கக் கூடாது; குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் நீண்டு வட்டி பெருகும் என்று பில்லில் எச்சரிக்க வேண்டும்; குறைந்தபட்சத் தொகையைக் கட்டியும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி அத்தொகையை நிர்ணயிக்கக் கூடாது என்று அவை கூறின. வட்டிக்கு உச்சவரம்பு என்ற கேள்வியும் எழாமலில்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

பெரிய பாக்கிக்கு இன்னொரு விலையும் உண்டு. அமெரிக்காவில் பில் பேர் என்ற பொறியாளரும், ஏர்ல் ஐசக் என்ற கணித வல்லுநரும் 1956-இல் ஒரு நிறுவனம் தொடங்கி, கடன் கேட்பவரின் நம்பகத்தை எண்ணால் அளக்கும் முறையை வளர்த்தார்கள். நம் நாட்டில் 2000-இல் நிறுவப்பட்ட சிபில் நிறுவனம் 300 முதல் 900 வரையில் அத்தகைய மதிப்பெண் தருகிறது. தவணை தவறாமை மட்டுமன்றி, கடன் வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பதும் இதில் கவனிக்கப்படுகிறது. ஒரு லட்சம் வரம்புள்ள அட்டையில் தொண்ணூறாயிரம் பாக்கி வைத்திருப்பவர், நாள் தவறாமல் கட்டினாலும், நெருக்கடியில் இருப்பவராகக் கருதப்படக்கூடும். முப்பது சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. பெரிய செலவு ஒன்று நேர்ந்துவிட்டால், பில் தயாராகும் நாளுக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். பில்லில் பாக்கி குறைவாகத் தெரியும்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். புதிய அட்டை தரும் வட்டியில்லாக் காலம் முழுத் தொகையையும் கட்டுபவருக்கே உரியது. பாக்கி வைத்துவிட்டால், அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அட்டையால் ரொக்கம் எடுத்தாலோ, பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டிதான்.

ஆகவே வாசகர்களே, பில் வந்ததும் பெரிய எண்ணை முதலில் படியுங்கள். அதைக் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள்; உங்கள் அட்டை 1950-ஆம் ஆண்டின் அட்டையாகிவிடும், வட்டி இல்லை. முடியாவிட்டால், அட்டையை உள்ளே வைத்துவிட்டு, மாதம் இவ்வளவு என்று உங்களால் இயன்ற உயர்ந்த தொகையைக் காகிதத்தில் எழுதுங்கள். கடன் தீரும் வரையில் அதைக் குறைக்காதீர்கள். அதுவும் இயலாத மாதத்தில் மட்டும் சிறிய எண் உங்களுக்கு உதவட்டும். அபராதத்தைத் தவிர்க்க அது போதும். கடனைத் தீர்க்க அது போதாது.