இறுகிய பிரேக்கும் இடவப்பாதி மழையும்

மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் அருகே, இடவப்பாதி மழையில் சில வாரம் நின்ற மோட்டார் வண்டியின் பின்சக்கரங்கள், விலங்கிட்டாற்போல அசைய மறுப்பதுண்டு. இதன் காரணம் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் உள்ளது.

ஆதியில் பிரேக்குப் பட்டைகள் உருளையை வெளியிலிருந்து பற்றின. சேறும் நீரும் அவற்றின் பிடியைக் கெடுத்தன. 1902-இல் பிரெஞ்சுக்காரரான லூயி ரெனோ, பிரேக் கட்டைகளை டிரம்முக்குள் அடக்கி, உள்ளிருந்து விரியச் செய்தார். சேற்றைத் தடுத்த அந்த மூடிய அறையே, உட்புகுந்த ஈரத்தை எளிதில் உலர விடாததாயிற்று. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்த பின்னரும், செலவு குறைவென்றும் கைப்பிரேக்கை இணைத்தல் எளிதென்றும், பல வண்டிகளில் பின்னே டிரம்மே நிலைத்தது. காயற்கரையின் உப்பும் ஈரமும் டிரம்மைத் துருவேற்ற, கைப்பிரேக் அழுத்திய கட்டை அதனோடு ஒட்டிக்கொள்கிறது.

இங்கே முரட்டு வலிமை உதவாது. கட்டையின் லைனிங் பிய்ந்தால் சாலையில் உயிருக்கே ஆபத்து. முன்சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி, பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் விளிம்பைச் சுற்றி மரச்சுத்தியால் மெல்லத் தட்டுவதே தொழிலறிந்தோர் வழி. உள்ளே எண்ணெய் விடலாகாது.

விடுமுறைக்குத் தமிழகம் செல்லும் அன்பர்கள், வண்டியைச் சமதளத்தில் கியரிலிட்டு, ஆப்பு வைத்து, கைப்பிரேக்கை விடுவித்துச் செல்வது நலம்.