தோற்ற பாட்டு எண்டு சொன்னது ஆர்? ரஷ் குழுவின் ‘லாம்நெத்’ பற்றி

றொக் இசை வரலாற்றில் எல்லாருக்கும் பிடித்த ஒரு கதை இருக்கு. ஒரு இசைக்குழு பெரிய ஆசையோட ஒரு அல்பம் செய்யும். அது விற்காது. கம்பனி முகத்தைச் சுளிக்கும். பிறகு அதே குழு அடுத்த அல்பத்தில் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கதையில் அந்த முதல் அல்பத்துக்குக் கிடைக்கிற வேஷம் என்ன? கதாநாயகன் எழும்புறதுக்கு முதல் வழுக்கி விழுகிற வாழைப்பழத் தோல். அதுக்கு மேல ஒண்டுமில்லை.

கனடாவின் ரஷ் குழுவைப் பற்றிப் பேசுறவர்கள் 1975ஆம் ஆண்டின் ‘கரெஸ் ஒஃப் ஸ்டீல்’ அல்பத்தை இப்படித்தான் கடந்து போவார்கள். அந்த அல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு: ‘த ஃபவுண்டன் ஒஃப் லாம்நெத்’. இருபது நிமிடம், ஆறு பகுதிகள். 1976இல் வந்த ‘2112’ பாட்டுக்கு இது ஒரு ஒத்திகை, அதுவும் சரிவராத ஒத்திகை எண்டுதான் பொதுவாகச் சொல்லப்படும். நாங்கள் அதை மறுக்கிறோம். ‘லாம்நெத்’ கேட்ட கேள்வியை ‘2112’ கேட்கவேயில்லை. அந்தக் கேள்விக்கு ரஷ் பதில் சொல்ல 37 வருடம் எடுத்தது.

முதலில் குழுவைப் பற்றி. ரஷ் ரொறொன்ரோவில் உருவானது. எங்களில் பலருக்கு மாமாவும் சித்தியும் இருக்கிற அதே ரொறொன்ரோதான். ஆனால் இது எங்கட ஆட்கள் அங்க கூட்டமாகப் போய்ச் சேருவதற்கு முந்திய காலம். பாடகரும் பேஸ் வாசிப்பவருமான கெடி லீயின் பெற்றோர் நாசி வதைமுகாம்களில் இருந்து உயிர் தப்பி வந்த போலந்து யூதர்கள். கிற்றார் வாசித்த அலெக்ஸ் லைஃப்சனின் பெற்றோர் சேர்பியக் குடியேறிகள். ‘லைஃப்சன்’ என்பதே அவர்களின் குடும்பப் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டதுதான். அகதிப் பிள்ளைகளும் குடியேறிப் பிள்ளைகளும் கராஜுக்குள் கிற்றாரோட வளர்ந்த கதை எங்களுக்கு அந்நியமில்லை.

1974இல் வந்த முதல் அல்பம் லெட் செப்பலின் பாணியில் அமைந்த நேரடியான ஹார்ட் றொக். அது வந்த சில மாதங்களில் ட்ரம்ஸ் வாசித்தவர் விலக, நீல் பியர்ட் வந்து சேர்ந்தார். தகப்பனின் பண்ணை இயந்திரக் கடையில் உதிரிப்பாகம் விற்றுக்கொண்டிருந்த, புத்தகப் பைத்தியமான ஒரு பொடியன். மற்ற இரண்டு பேருக்கும் வரிகள் எழுதுறதில் பெரிய அக்கறை இல்லை. அதால அந்த வேலை பியர்ட்டின் தலையில் விழுந்தது. குழுவின் திசையே அங்கதான் மாறினது. 1975 பெப்ரவரியில் ‘ஃப்ளை பை நைட்’ வந்தது. அதே வருடம் செப்ரெம்பரில் ‘கரெஸ் ஒஃப் ஸ்டீல்’. பியர்ட்டுக்கு அப்போது 23 வயது.

அந்தக் காலத்தில் இருபது நிமிடப் பாட்டு ஒண்டும் புதுமையில்லை. 1972இலேயே யெஸ் குழுவின் ‘குளோஸ் டு த எட்ஜ்’, ஜெனசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’ இரண்டும் வந்துவிட்டன. அதே வருடம் ஜெத்ரோ டல் ஒரு அல்பம் முழுவதையும் ஒரே பாட்டாக வெளியிட்டது. வினைல் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம் கொள்ளும். அதைவிட நீட்டினால் தட்டில் கோடுகள் நெருங்கி ஒலியின் பலம் குறையும். புரொக்ரெசிவ் றொக் குழுக்கள் இந்த எல்லையையே ஒரு வடிவமாக எடுத்துக்கொண்டன: ஒரு பக்கம் என்றால் ஒரு பயணம். ஆனால் அந்தக் குழுக்களில் கீபோர்ட், புல்லாங்குழல் எண்டு பல நிறங்கள் இருந்தன. ரஷ்ஷில் இருந்தது மூன்று பேர். ஒரு கிற்றார், ஒரு பேஸ், ட்ரம்ஸ். மூன்று வாத்தியங்களோட இருபது நிமிடத்தை நிரப்ப வெளிக்கிட்டதே ஒரு துணிச்சல்தான்.

கதை சிக்கலில்லாதது. ஒருவன் பள்ளத்தாக்கில் பிறக்கிறான். மலைக்கு அப்பால் என்ன இருக்கு எண்டு பார்க்க வேணும் எண்ட ஆசை. லாம்நெத் என்ற ஊற்றைத் தேடி நடக்கத் தொடங்குகிறான். முதல் பகுதி மெல்லிய கிற்றாரோட தொடங்கி, திடீரென்று கனத்த றொக்காக உடைகிறது. இரண்டாவது பகுதி ஒரே ஒரு நிமிடம்தான். பெயர் ‘டிடக்ட்ஸ் அண்ட் நார்பெட்ஸ்’. டிடக்ட்ஸ் என்றால் படிப்பிக்கிறவர்கள். நார்பெட்ஸ் என்பது பெற்றோர் எனும் பொருள்படும் ‘பேரன்ற்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் குலைத்து அடுக்கியது. ட்ரம்ஸ் தனியாக வெடிக்க, இடையிடையே ஒற்றைச் சொற்கள் கத்தப்படுகின்றன. வாத்திமாரும் அம்மா அப்பாவும் ஒரு பிள்ளையைப் பிடித்து இழுக்கிற சத்தம் அது. சாதாரண தரம், உயர்தரம், டியூசன் எண்டு வளர்ந்த எவருக்கும் இந்த ஒரு நிமிடத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

மூன்றாவது பகுதி கடல். தலைவன் தனியே விடப்பட்ட ஒரு கப்பல், புயல், உதவிக்கு ஆருமில்லை. எங்களைக் கேட்டால் பாட்டின் உச்சம் இதுதான். லைஃப்சனின் கிற்றார் அலை மாதிரி மெல்ல மெல்ல ஏறி வந்து கடைசியில் ஒரு அழுகையாக முடியும். நாலாவது பகுதி காதல், ஐந்தாவது வைன். இரண்டுமே பயணத்தை நிற்பாட்டிவிடக்கூடிய ஆறுதல்கள். ஆறாவதில் அவன் ஊற்றுக்கு வந்து சேர்கிறான். அங்க எதிர்பார்த்த விடை இல்லை. சந்தோசமும் துக்கமும் ஒண்டாக வருகின்றன. முதல் பகுதியின் கனத்த இசை திரும்புகிறது. அதற்குப் பிறகு முதலில் கேட்ட அந்த மெல்லிய கிற்றார் திரும்ப வந்து பாட்டை முடிக்கிறது. முடிந்த இடமும் தொடங்கிய இடமும் ஒண்டு.

இனி குறைகள். இருக்கு, மறைக்கத் தேவையில்லை. ஆறு பகுதிகளும் ஒண்டோட ஒண்டு சரியாகப் பொருந்தவில்லை. ஒரு பகுதி தேய்ந்து மறையும், பிறகு அடுத்தது தொடங்கும், தையல் வெளியில தெரியும். ‘2112’இல் தொடக்க இசையிலேயே பின்னால் வரப்போகிற மெட்டுகள் விதைக்கப்பட்டிருக்கும். இங்க கடைசிப் பகுதியைத் தவிர வேற எங்கயும் ஒரு மெட்டுத் திரும்பி வராது. காதல் பகுதியில் கெடி லீயின் உச்சக்குரல் அந்த மென்மைக்கு ஒத்து வரவில்லை. பியர்ட்டின் வரிகளில் பள்ளத்தாக்கு, பாலம், மேட்டுநிலம் எல்லாம் பெரிய எழுத்தில் எழுதின உருவகங்கள் மாதிரி நிற்கும். 23 வயதில் வாழ்க்கை முழுவதையும் எழுத வெளிக்கிட்டால் அப்படித்தான் வரும்.

அல்பம் விற்பனையில் விழுந்தது. அட்டைப்படத்துக்குக்கூட விதி சரியில்லை. உருக்கின் வெள்ளி நிறத்தில் வந்திருக்க வேண்டியது அச்சில் பிழைத்து செம்பு நிறமாக வந்தது. சிறிய மண்டபங்கள், குறைந்த கூட்டம். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு குழுவினரே ‘டவுன் த ட்யூப்ஸ்’ சுற்றுப்பயணம் எண்டு பெயர் வைத்தார்கள், எல்லாம் வாய்க்காலோட போச்சு எண்ட கருத்தில். பழையபடி உதிரிப்பாகக் கடைக்கும் குழாய் வேலைக்கும் திரும்ப வேண்டி வருமோ எண்டு யோசிக்கிற நிலை. மேர்குரி கம்பனி இனிமேல் சின்னப் பாட்டுகள், வானொலியில் போடக்கூடிய பாட்டுகள் வேணும் எண்டு அழுத்தியது. குழு அதுக்கு எதிர்மாறாகச் செய்தது. விழுறதெண்டால் எங்கட பாட்டோடயே விழுவம் எண்டு இன்னொரு இருபது நிமிடப் பாட்டை எழுதி, இந்த முறை அதை முதலாம் பக்கத்திலேயே வைத்தது. அதுதான் ‘2112’. 1977இல் அமெரிக்காவில் கோல்ட் தரம் பெற்றது. பிறகு முப்பது லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ‘கரெஸ் ஒஃப் ஸ்டீல்’ அதே கோல்ட் தரத்தைத் தொட 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெற்றி வந்த பிறகு பழையதை மறக்கிறது இலேசு. 1976இல் வந்த ‘ஓல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்’ நேரடி அல்பத்தில் ‘கரெஸ்’இன் இரண்டு சின்னப் பாட்டுகள் இருக்கு. ‘லாம்நெத்’ இல்லை. ஒரு பாட்டு மேடையில் நிலைத்தால் அது கேட்கிறவர்களோட சேர்ந்து வளரும். ‘2112’ அப்படி வளர்ந்தது. ‘லாம்நெத்’ இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்திலேயே தங்கிவிட்டது. தட்டைப் புரட்டிப் போட மனமிருந்தவர்கள் மட்டும் கேட்டார்கள்.

அந்தக் கொஞ்சப் பேர்தான் பாட்டைக் காப்பாற்றினது. ‘2112’க்குப் பிறகு ரஷ்ஷுக்குள் வந்தவர்கள் பின்னோக்கிப் போய் இந்தப் பாட்டைக் கண்டெடுத்தார்கள். அவர்களில் பலர் முதலில் கேட்டது அந்த எலும்புக்கூட்டுக்காகத்தான்: தனி ஒருவனின் கதை, பெயரிட்ட பகுதிகள், மென்மைக்கும் கனத்துக்கும் இடையில் மாறுகிற இசை. ‘2112’இல் இருக்கிற எல்லாம் இங்க ஏற்கெனவே இருக்கு. இது சரியான மதிப்பீடுதான், ஆனால் பாதிதான். பாட்டன் எண்ட காரணத்துக்காக மட்டும் ஒருவரை மதிச்சால், அவர் தன்ர வாழ்க்கையில் என்ன செய்தார் எண்டு ஆரும் கேட்கப் போறதில்லை.

‘2112’இல் ஒரு எதிரி இருக்கிறான். கோயில்களில் இருந்து உலகத்தை ஆளுகிற பூசாரிகள். ஒரு பொடியன் பழைய கிற்றார் ஒண்டைக் கண்டெடுத்துக் கொண்டுபோய்க் காட்ட, அவர்கள் அதை நொறுக்குகிறார்கள். ஆர் நல்லவன், ஆர் கெட்டவன் எண்டதில் குழப்பமே இல்லை. கம்பனியோட சண்டை பிடித்த குழுவின் கோபம் அதுக்குள்ள கொதிக்குது. அந்தக் கோபம்தான் பாட்டின் பலம், இளம் வயதில் எங்களை இழுக்கிறதும் அதுதான். ‘லாம்நெத்’இல் எதிரி இல்லை. வாத்திமாரும் பெற்றோரும்கூட ஒரு நிமிடத்தில் கடந்து போகிறார்கள். மிச்சம் இருக்கிறது ஒரு மனிசனும் காலமும் மட்டும். ஆரும் தடுக்கவில்லை, நீ தேடினதைத் தேடியடைந்தும் விட்டாய், இனி என்ன? ‘லாம்நெத்’ கேட்கிற கேள்வி இதுதான். விற்பனையை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது.

பியர்ட்டின் வாழ்க்கை இந்தக் கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டது. 1997இல் அவருடைய மகள் வாகன விபத்தில் இறந்தார். பத்து மாதங்களில் மனைவி புற்றுநோயால் இறந்தார். இசையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறக்குறைய 88,000 கிலோமீற்றர் தனியே ஓடினார். அதைப் பற்றி ‘கோஸ்ட் ரைடர்’ என்ற புத்தகம் எழுதினார். 23 வயதில் கற்பனையாக எழுதின பயணத்தை 45 வயதில் அவர் உண்மையாகவே போக வேண்டி வந்தது.

பிறகு குழுவுக்குத் திரும்பினார். 2012இல் ரஷ்ஷின் கடைசி ஸ்டூடியோ அல்பமான ‘க்ளொக்வேர்க் ஏஞ்சல்ஸ்’ வந்தது. அதன் கதை: சின்ன ஊரில் பிறந்த ஒரு பொடியன் உலகத்தைப் பார்க்க வெளிக்கிடுகிறான், ஏமாறுகிறான், காதலிக்கிறான், கடலில் விபத்துக்குள்ளாகிறான், வயதாகிறான். எங்கயோ கேட்ட மாதிரி இல்லையா? ஆனால் முடிவு வேற. கடைசிப் பாட்டு ‘த கார்டன்’. இங்க ஊற்றைத் தேடிப் போகிற ஆள் இல்லை, தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஒரு கிழவன் இருக்கிறான். தேடிப் போய்க் கண்டுபிடிக்கிற இடத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு நாளும் தண்ணி ஊற்றி வளர்க்கிற இடம். ‘லாம்நெத்’ வட்டமாகத் திரும்பி வந்து பதிலில்லாமல் நின்ற அதே புள்ளியில் இருந்து இந்தப் பாட்டு ஒரு அடி முன்னுக்கு வைக்குது எண்டுதான் நாங்கள் கேட்கிறோம். பியர்ட் 2020 ஜனவரி 7ஆம் திகதி 67 வயதில் இறந்தார்.

இப்படி வரிசையாகக் கேட்டால் ரஷ்ஷின் வரலாறு வேற மாதிரித் தெரியும். ‘2112’ அவர்களுக்குச் சோறு போட்டது, சுதந்திரம் வாங்கிக் கொடுத்தது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் கடைசியில் திரும்பி வந்து சேர்ந்தது ‘2112’இன் கோயில்களுக்கு இல்லை, தோற்றுப் போனது எண்டு எல்லாரும் சொன்ன பாட்டின் பாதைக்கு.

கேட்கப் போறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆறு பகுதிகளில் ஒண்டை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இருபது நிமிடம் ஒதுக்கி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முழுவதையும் ஒரே இருப்பில் கேளுங்கள். தையல்கள் தெரியத்தான் செய்யும், நாலாவது பகுதியில் கொஞ்சம் நெளிவீர்கள். கடைசியில் அந்த மெல்லிய கிற்றார் திரும்பி வரும்போது நிற்பாட்டாமல் அப்படியே ‘த கார்டன்’ஐப் போடுங்கள். இரண்டுக்கும் இடையில் இருக்கிற 37 வருடமும் அப்போது கேட்கும்.