தொட்டிக்குள் யார் பார்த்தது?

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது தோல் கழிவு கலந்த பாலாற்றுக்காக. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, 900-க்கும் மேற்பட்ட தோல் ஷாப்புகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்கு, தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு வசதி வேண்டும் என்றது. வரலாற்றுத் தீர்ப்புதான். ஆனால் அது வளர்த்த கண்காணிப்புப் பழக்கம் குழாய் வாயிலேயே நின்றுவிட்டது என்பது என் கருத்து. வெளிவரும் நீரில் குரோமியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அளந்தார்கள். அந்த நீரைத் தேக்கும் சுவர் எப்படியிருக்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

சுவரைச் சோதிப்பதில் கப்பலின் கதை வேறு. லண்டன் காப்பிக் கடையொன்றில் பிறந்த லாயிட்ஸ் பதிவேடு 1760-கள் முதல் கப்பல்களைத் தரம் பிரித்துவருகிறது. ஐந்தாண்டுக்கொரு முறை முழுச் சோதனை. சான்றிதழ் இல்லையேல் காப்பீடு கிடைப்பது கடினம். அந்தக் கட்டாயம் இருந்ததால்தான் ரோபோவுக்கும் அங்கே வேலை கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2015-இல் முளைத்த பிளானிஸ் நிறுவனத்தின் நீர்மூழ்கி ரோபோக்கள் கப்பலின் அடிப்பாகத்தையும் துறைமுகத் தூண்களையும் கேமராவாலும் மீயொலியாலும் சோதிக்கின்றன. அதன் நிறுவனர்களில் ஒருவரான பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழுதான், மனிதன் இறங்காமல் மலத்தொட்டிக் கசடைக் கலக்கி உறிஞ்சும் ஹோமோசெப் ரோபோவையும் உருவாக்கியது. ஆள்துளை வழியே இறங்கும் அதன் கத்திகள் உள்ளே போய்க் குடைபோல் விரியும்.

தோல் ஷாப்புக்கு இத்தகைய ரோபோ ஆடம்பரம் என்பார்கள். முடி உதிரத் தோலைச் சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறவைக்கிறார்கள். அந்தச் சல்பைடு தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். செறிவு ஏறினால் மூக்கே மரத்துப்போய் அழுகிய முட்டை நாற்றமும் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் மனிதனை இறக்குவதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு ஷாப்பும் தனித்தனியே ரோபோ வாங்க முடியாதென்பது உண்மை. ஆனால் பொதுச் சுத்திகரிப்பு நிலையமே செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடுதானே. வலுவான மறுப்பு இன்னொன்று: கெட்டிக் கசடில் கேமரா குருடு, கான்கிரீட் கப்பலின் எஃகு அல்ல. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சுவரைச் சோதிக்கத் தொட்டியைக் காலி செய்தாக வேண்டும். குரோமியம் கலந்த கசடைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. பாதுகாப்பான கழிவு நிரப்பிடம் வேண்டும். அந்த இடமில்லாத ஊரில் தொட்டி நிரம்பிக்கொண்டே இருக்கும், எந்த ரோபோ வந்தாலும்.