மணியாச்சித் துப்பாக்கி

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தின் பக்கம் ஆஷ் நினைவு மண்டபம் இருக்கிறது. பாங்க் விட்டு அந்த வழியாக நடக்கையில், ஆஷைவிட அவரைச் சுட்ட துப்பாக்கிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

1911 ஜூன் 17 காலை. மணியாச்சி ஜங்ஷனில், முதல் வகுப்புப் பெட்டியில், கொடைக்கானல் போவதற்காக மனைவியுடன் உட்கார்ந்திருந்தார் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ். செங்கோட்டை வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடிக் கக்கூஸுக்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொண்டார். துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்த ப்ரௌனிங்.

எங்கிருந்து வந்தது அது? சர்க்காரின் சந்தேகம் புதுச்சேரி மேலும், அதற்கப்பால் பாரிஸ் மேலும் விழுந்தது. வ. வே. சு. ஐயர் 1910ல்தான் புதுச்சேரி வந்து சேர்ந்திருந்தார். 1909 டிசம்பரில் நாசிக்கில் ஜாக்ஸனைக் கொன்றதும் ப்ரௌனிங். லண்டனிலிருந்து ஸாவர்க்கர் அனுப்பிய இருபதில் ஒன்று என்பது வழக்கு. இரண்டுக்கும் ஒரே வழி என்பார் ஒரு கட்சி. ஐயர் கொடுத்தது என்பார் இன்னொரு கட்சி. ஆனால் 1909 அக்டோபரில், ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோவைக் கொரியாவின் ஆன் ஜுங்-குன் சுட்டதும் ப்ரௌனிங்தான். அது உலகச் சந்தைச் சரக்கு. கூட்டத்தில் மறைத்து எடுத்துப்போகத் தோதானது. தயாரித்த ஊரை வைத்து ஏவிய கையைச் சொல்ல முடியாது.

ஆயுதம் அந்நியமானால் கோபமும் அந்நியம் என்றாகிவிடும். சர்க்காருக்கு அது சௌகரியம். 1908ன் கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் வ. உ. சி.யின் கப்பல் கம்பெனியையும் பற்றி யோசிக்க வேண்டாம்.

நம் சௌகரியம் வேறு. 1908ல் ஆஷ் இங்கே அதிகாரியாக இருந்தவர். ஆகவே வாஞ்சி வ. உ. சி.க்காகச் சுட்டார் என்கிறோம். இந்த ஊர்க்காரனான எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அதில் கப்பல் இல்லை, மில் இல்லை, வ. உ. சி. இல்லை; ஆஷின் பெயர்கூட இல்லை. ஸனாதன தர்மம் இருக்கிறது, மிலேச்சன் இருக்கிறான், ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு இருக்கிறது, 3000 பேரின் சபதம் இருக்கிறது.

பிரதியைப் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாம் இதைப் படித்தாக வேண்டும். துறைமுகத்துக் கூலிக்காரனின் கோபமும் இக்கடிதத்தின் கோபமும் வெவ்வேறு ஊற்றுகள். சுடப்பட்டவர் ஒருவர் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. வாஞ்சியின் உயிர்த்தியாகத்தை இது குறைப்பதில்லை. நம் வீரக்கதையைத்தான் குறைக்கிறது.

பாங்க்கில், ஒருவர் கணக்கில் வந்ததை, நமக்குப் பிடித்தவர் என்பதற்காக இன்னொருவர் கணக்கில் வரவு வைக்க முடியாது. சரித்திரத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.